பத்துச் சுற்று மின்சாரம்

தன் வீட்டில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு குடும்பஸ்தன் ஆசைப்படுவது எந்த நாட்டுச் சட்டப்படியும் குற்றமில்லை. பல்கேரியாவின் சட்டப்படியும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் தோல்னா விஷ்னா என்ற ஊரில் பூகோள வாத்தியாராக இருந்த ஸ்தாமெனுக்கு நேர்ந்ததையெல்லாம் கேட்பவர்கள், அவன் ஏதோ பெரிய தப்புச் செய்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறார்கள். அவன் செய்ததெல்லாம் அளந்து பார்த்ததுதான்.

அந்த வருஷம் ஊரில் புத்திசாலி வீடு என்ற வியாதி பரவியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரு மனிதனின் பெருமையை அவன் வீட்டு நிலவறையில் எத்தனை ஜாடி மிளகாய் ஊறுகாய் இருக்கிறது என்பதை வைத்துத்தான் கணித்தார்கள். இப்போதோ எத்தனை பல்புகள் அவன் போனுக்குக் கீழ்ப்படிகின்றன என்று கேட்டார்கள். ரசாயன வாத்தியார் வீட்டுத் திரைச்சீலை தானே திறந்துகொண்டது. விளையாட்டு வாத்தியாரின் நாய்க்கு வேளாவேளைக்குத் தட்டில் தானாகச் சாப்பாடு விழுந்தது. நாய் இப்போது எஜமானை விட்டுவிட்டுத் தட்டைத்தான் வாலாட்டி வரவேற்றது. இவர்களெல்லாம் கடையில் வாங்கி மாட்டியவர்கள். ஸ்தாமென் அப்படியில்லை. எல்லாவற்றையும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, தானே ஈயம் உருக்கி ஒட்டிச் செய்தவன்.

அவன் வீட்டில் ஒரு அறையில் இரண்டு நிமிஷம் யாரும் அசையாவிட்டால் விளக்கு அணைந்துவிடும். சிக்கனம். சாப்பாட்டு மேசையில் பேச்சு ஓய்ந்தால் இருட்டிவிடும் என்பதால், அவனும் அவன் மனைவி நெவெனாவும் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசியே சாப்பிடப் பழகியிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்த எதிர்வீட்டுக்காரர்கள் தினமும் சண்டை என்று நினைத்து வருத்தப்பட்டார்கள். நெவெனா தபாலாபீஸ் கவுண்டரில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் உட்கார்ந்து முத்திரை குத்திவிட்டு வருபவளுக்கு மாலையில் சோபாவில் அசையாமல் கிடந்து துப்பறியும் நாவல் படிக்கத்தான் ஆசை. கொலை விழுந்த அதே பக்கத்தில் விளக்கும் போய்விடும். அவள் ஒரு காலைத் தூக்கி ஆட்டுவாள். விளக்கு வரும். கொஞ்ச நாளாக அவள் சோபாவில் படிப்பதையே விட்டுவிட்டாள். ஸ்தாமென் அதைக் கவனிக்கவில்லை. அவன் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

நகரசபை ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டியிருந்தது. ‘துளியும் வீணாக்கோம். சிறு கசிவைக் கண்டால் உடனே தகவல் தாருங்கள்.’ ஸ்தாமென் இதைத் தனக்கே வந்த கட்டளையாக எடுத்துக்கொண்டான். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஒரு வீடு எவ்வளவு குடிக்கிறது? அதைத் துல்லியமாகச் சொல்ல ஊரில் ஒருவராலும் முடியவில்லை. அவன் சொல்ல நினைத்தான்.

கம்பியைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும் ஒரு சிறு வளையம் வாங்கினான். கம்பியில் ஓடும் மின்சாரத்தை அது வெளியிலிருந்தே மோப்பம் பிடித்துச் சொல்லும். வெந்நீர்க் கொதிகலன் ஓடும்போது அது சொன்ன கணக்கு அச்சாக இருந்தது. எல்லாவற்றையும் அணைத்தபோது முப்பது மில்லி ஆம்பியர் என்றது. மெயினையே அணைத்தான். முப்பது. வளையத்தைக் கம்பியிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தான். முப்பத்திரண்டு.

“காத்துல கரண்ட் ஓடுதா?” என்று கேட்டாள் நெவெனா.

“இல்ல. இது இரைச்சல்.”

“ஒரு சத்தமும் வரலையே.”

“காதுக்குக் கேக்காத இரைச்சல்.”

“அப்ப ரொம்ப நல்ல இரைச்சல். உங்க அக்கா வந்து தங்கறப்பவும் இப்படியே இருந்தா தேவலை.”

ஸ்தாமென் மனம் தளரவில்லை. பெரிய மின்சாரத்தை அளப்பது லாரியை எடை போடுவது மாதிரி. சின்ன மின்சாரத்தை அளப்பது ஓடும் லாரியில் உட்கார்ந்து கடுகை எடை போடுவது மாதிரி. அவன் கருவியை பிஸ்கட் தகர டப்பாவுக்குள் அடைத்தான், வெளி அலை எதுவும் உள்ளே புகாதபடி. பேட்டரியில் ஓடவிட்டான். ஒரு தடவை அளந்ததை நம்பாமல் ஆயிரம் தடவை அளந்து சராசரி எடுத்தான். ஒன்றுமே இல்லாதபோது கருவி உளறும் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதைக் கழித்தான். கடைசியாக, கம்பியை வளையத்துக்குள் பத்துச் சுற்றுச் சுற்றினான். ஒரே மின்சாரம் வளையத்துக்குள் பத்துத் தடவை போனால், வளையம் ஏமாந்துபோய் அதைப் பத்து மடங்காகக் காட்டும்; இரைச்சல் மட்டும் இருந்த அளவிலேயே இருக்கும். வந்த எண்ணைப் பத்தால் வகுத்துவிட்டால் உண்மை கிடைக்கும். வகுப்பதுதான் முக்கியம். தோல்னா விஷ்னாவின் பிற்காலச் சரித்திரம் முழுவதும் அந்த வகுத்தலை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாததால் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நெவெனா “எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு” என்று எங்கோ போய்விட்டாள். கீழ்வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு ஸ்தாமென் போனில் உத்தரவு போட்டான். வீடு முழுவதும் அடங்கியது. குளிர்பெட்டியைக்கூடப் பிடுங்கிவிட்டான், உள்ளே வெண்பாற்கட்டி வியர்க்கத் தொடங்கியது. இப்போது கருவி பூஜ்யம் காட்ட வேண்டும்.

இருபத்தொன்று காட்டியது.

முப்பதோ முப்பத்திரண்டோ இல்லை. ஆடாமல் அசையாமல் இருபத்தொரு மில்லி ஆம்பியர். வீட்டை இரண்டு தடவை சுற்றிவந்து ஒவ்வொரு ப்ளக்காகத் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. சாயங்காலம் திடீரென்று எண் பூஜ்யத்துக்கு இறங்கியது. சற்று நேரத்தில் நெவெனா லேசான ஊறுகாய் வாசனையோடு வந்து, “எதுக்கு வீடு இருட்டா இருக்கு?” என்றாள். அதற்கடுத்த நாட்களிலும் அந்த இருபத்தொன்று வந்து வந்து போனது.

யாரோ திருடுகிறார்கள், அல்லது எங்கோ கசிகிறது. ஸ்தாமென் குடியிருப்பின் நிர்வாகியான தோத்யோ அண்ணனிடம் போய்ச் சொன்னான். தோத்யோ லிப்ட் பழுதானால் அதன் கதவில் ‘பழுது’ என்று அட்டை மாட்டுவதையே இருபது வருஷமாகத் தொழிலாகச் செய்துவந்த பெரியவர்.

“இருபத்தொரு மில்லின்னா எவ்வளவு தம்பி?”

“ரொம்பக் கொஞ்சம் அண்ணே.”

“கொஞ்சம்னா அது திருட்டு இல்ல. பழக்கம்.” சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “நகரசபையில போய்ச் சொல்லேன். சுவரொட்டி ஒட்டியிருக்கான்ல.”

அந்தச் சுவரொட்டியைப் படித்துவிட்டு நகரசபைக்கு வந்த முதல் ஆள் ஸ்தாமென்தான். ஆற்றல் சிக்கனம் மற்றும் எண்ணியல் மாற்றப் பிரிவில் அவன் நுழைந்தபோது, குமாஸ்தா மில்கா சூரியகாந்தி விதை கொரித்துக்கொண்டிருந்தாள். அவனை நிமிர்ந்து பார்த்து, “கழிவறை அடுத்த கதவு” என்றாள். கசிவு பற்றித் தகவல் தர வந்ததாக அவன் சொன்னதும், “அதையும் அங்கதான் சொல்லணும்” என்றாள். மின்சாரக் கசிவு என்று விளக்கிய பிறகு, பிரிவுத் தலைவர் பொறியாளர் கிராமத்திகோவிடம் கூட்டிப்போனாள்.

கிராமத்திகோவ் தோல் பதனிடும் பொறியியலில் பட்டம் பெற்றவர். ஆகவே நகரசபை அவரை மின்சாரத்துக்குப் போட்டிருந்தது. மணிக்கட்டில் நவீனமான கடிகாரம் ஒன்று கட்டியிருந்தார். அது அவர் அதிக நேரம் உட்கார்ந்திருந்தால் அதிர்ந்து, எழுந்திருக்கச் சொல்லும். மேயருக்கும் கடிகாரத்துக்கும் மட்டுமே அவர் எழுந்து நிற்பது வழக்கம்.

“எவ்வளவு சொன்னீங்க?”

“இருபத்தொரு மில்லி ஆம்பியர் சார்.”

“உங்க வீட்டு மீட்டர் அதைக் காட்டுதா?”

“காட்டாது சார். நாற்பதுக்குக் கீழ இருந்தா மீட்டர் அசையாது. அப்படித்தான் செய்யறாங்க.”

“மீட்டர் அசையலைன்னா என்ன அர்த்தம்?”

“மீட்டருக்குத் தெரியலைன்னு அர்த்தம்.”

“தப்பு. மின்சாரம் இல்லைன்னு அர்த்தம். மீட்டர் அரசாங்க முத்திரை போட்டது. நீங்க பிஸ்கட் டப்பா.” கடிகாரம் அதிர்ந்தது. கிராமத்திகோவ் எழுந்து நின்றார். “இப்ப யோசிங்க. கம்பெனி கொடுத்த மின்சாரமா இருந்தா மீட்டர் காட்டியிருக்கும். மீட்டர் காட்டலை. அப்ப கம்பெனி கொடுக்கலை. ஆனா உங்க வீட்ல ஓடுதுன்னு நீங்களே சொல்றீங்க. கம்பெனி கொடுக்காத மின்சாரத்தை நீங்க எங்கேயிருந்து எடுத்தீங்க?”

“அதைத்தான் சார் உங்களைக் கேக்க வந்தேன்.”

“கேக்கறது எங்க வேலை,” என்றார் கிராமத்திகோவ். “நேரில் வந்து பார்க்கிறோம்.”

ஆய்வுக் குழு ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. குழு என்பது கிராமத்திகோவ், மில்கா, குடியிருப்பின் சார்பில் சாட்சியாகத் தோத்யோ அண்ணன். நெவெனா குழுவைப் பார்த்ததும், “நான் வீட்ல இல்லைன்னு வெச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு மறைந்துவிட்டாள். கிராமத்திகோவ் நகரசபையின் அளவுமானியைத் தோல் உறையிலிருந்து எடுத்தார். அது துணி காயப்போடும் கிளிப்பின் பெரியப்பா மாதிரி இருந்தது. ஸ்தாமென் வீட்டை அடக்கி, அறை விளக்கை மட்டும் பேட்டரிக்கு மாற்றியிருந்தான். கிராமத்திகோவ் கம்பியைக் கவ்வவிட்டார். பூஜ்யம்.

“பார்த்தீங்களா? இல்லை.”

“ஒரு சுத்துக்கு உங்க மானி பிடிக்காது சார். கொஞ்சம் இருங்க.” ஸ்தாமென் கம்பியை அந்தக் கவ்விக்குள் பத்துச் சுற்றுச் சுற்றினான். மானி கண்ணைச் சிமிட்டி, பூஜ்யம் புள்ளி இரண்டு ஆம்பியர் என்றது.

எல்லாரும் மானியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அசையாததால் விளக்கு அணைந்தது. தோத்யோ கையை ஆட்டி விளக்கை வரவழைத்தார்.

கிராமத்திகோவ் தம் கையாலேயே கம்பியைப் பிரித்தார். பூஜ்யம். மறுபடி சுற்றினார். பூஜ்யம் புள்ளி இரண்டு. பிரித்தார், இல்லை. சுற்றினார், இருந்தது. கடிகாரம் அதிர்ந்தது. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் அவர் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார்.

“வாத்தியார், சுத்தினா மின்சாரம் வருது.”

“வரலை சார், தெரியுது. வந்த எண்ணைப் பத்தால வகுக்கணும்.”

“எதுக்கு வகுக்கணும்?”

“பத்துச் சுத்து சுத்தினதால சார்.”

“பத்துச் சுத்து சுத்தினது உங்க உழைப்பு. உழைச்சு உண்டாக்கினதை எவனாவது வகுப்பானா? மில்கா, எழுதிக்கோ. மேற்படி நபர் மேற்படி இல்லத்தில் மேற்படி கம்பியைச் சுற்றுவதன் மூலம் மின்சாரம் உற்பத்தி செய்வது குழுவின் முன்னிலையில் ஐயம் திரிபற நிரூபிக்கப்பட்டது.”

“உற்பத்தி பண்ண லைசென்ஸ் இருக்கா அவர்கிட்ட?” என்றாள் மில்கா.

ஸ்தாமென் மனத்துக்குள் கணக்குப் போட்டான். வேலை போகும், அபராதம் வரும், பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள். கிராமத்திகோவ் அவனை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. தலைநகரிலிருந்து ஆறு மாதமாக ஒரே கேள்வி வந்துகொண்டிருந்தது: உங்கள் ஊரில் வீட்டளவில் மின்னுற்பத்தி செய்யும் குடிமக்கள் எத்தனை பேர்? இவரும் ஆறு மாதமாக ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

“ஒருத்தர்,” என்றார் கிராமத்திகோவ், ஸ்தாமெனின் கையைப் பிடித்துக் குலுக்கியபடி.

தோத்யோ ராக்கியா பாட்டிலைக் கொண்டுவரத் தம் வீட்டுக்கு ஓடினார்.

எல்லாரும் குடித்துவிட்டுப் போன பிறகு, சமையலறைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையின் கதவைத் திறந்துகொண்டு நெவெனா வந்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

“எல்லாம் கேட்டுட்டுதான் இருந்தேன்,” என்றாள். “வா, உன் மின் நிலையத்தைக் காட்டறேன்.”

சாமான் அறையில் ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே ஒரு பழைய நாற்காலி. நாற்காலியில் போர்வை. பக்கத்தில் துப்பறியும் நாவல்கள் ஒரு கட்டு, பாதி தின்ற வேஃபர் பாக்கெட். சுவரில், ஸ்தாமென் மறந்தே போயிருந்த ஒரு ப்ளக் பாயிண்ட். அதில் சாதாரண மேசை விளக்கு ஒன்று, போனும் இல்லாமல் புத்தியும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

“அந்த இருபத்தொண்ணு நான்தான். இங்கதான் அசையாம உக்காந்தாலும் வெளிச்சம் இருக்கு.”

ஸ்தாமென் விளக்கை அணைத்து, பல்பைக் கழற்றி, அதன் கழுத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்தான். இருபத்தொரு மில்லி ஆம்பியர். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவனுக்கு முதலில் வந்தது ஆனந்தம். தன் கருவி ஒரு மில்லிகூடப் பிசகவில்லை. அதற்கப்புறம்தான் வெட்கம் வந்தது. இந்த வரிசைக்காக நெவெனா அவனை மன்னிக்கச் சில நாள் பிடித்தது.

அன்றைக்கே அவன் சோபாவுக்கு மேலிருந்த அசைவுக் கண்காணிப்புக் கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கையால் அமுக்கும் சாதாரண ஸ்விட்ச் ஒன்றை மாட்டினான்.

நெவெனா அமுக்கிப் பார்த்தாள். “டிக்குன்னு சத்தம் வருது.”

“வரும்.”

“நல்லாயிருக்கு,” என்றாள். மறுபடியும் அமுக்கினாள்.

அதற்குள் ஊரில் செய்தி பரவிவிட்டது. தோத்யோ ராக்கியாவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருந்தார். முதலில் அவரே சுற்றினார். நகரசபை அவருக்கும் உற்பத்தியாளர் சான்றிதழ் கொடுத்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு டிவிக்கு மேல் மாட்டினார். அடுத்த வாரம் கடைகளில் கம்பி தீர்ந்துவிட்டது. பத்துச் சுற்றுப் போட்டவனைப் பதினைந்து போட்டவன் இளக்காரமாகப் பார்த்தான். பல் டாக்டர் தங்க நிறக் கம்பி வரவழைத்தார். வலப்பக்கமாகச் சுற்றினால் பகலுக்கு நல்லது, இடப்பக்கமாகச் சுற்றினால் குளிர்காலத்துக்கு உகந்தது என்று சொல்லிக்கொண்டு சுற்று நிபுணர்கள் கிளம்பினார்கள். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி “எத்தனை சுத்து?” என்று விசாரித்தார்கள்.

ஸ்தாமென் சும்மா இருக்கவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். “அண்ணே, சுத்தினா கரண்ட் வராது. அளவு பெரிசாத் தெரியும், அவ்வளவுதான்.”

“உனக்கு மட்டும் வந்துச்சே தம்பி?” என்றார் தோத்யோ.

“எனக்கும் வரலை.”

“சான்றிதழ் வந்துச்சே.”

முதலில் ஏறினவன் ஏணியை இழுத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று ஊர் பேசிக்கொண்டது. ஆகவே அவன் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்து கிராமத்திகோவிடம் போனான்.

“சார், அது என் மனைவி.”

“எது?”

“அந்த மின்சாரம்.”

கிராமத்திகோவ் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். “மனைவியை உற்பத்தி ஆதாரமாகப் பதிவு செய்ய விதியில் இடமில்லை.”

“அப்படி இல்லை சார். அவ சாமான் ரூம்ல உக்காந்து படிச்சிருக்கா. அந்த விளக்கோட கரண்டைத்தான் நான் அளந்தேன். கம்பெனி கரண்ட்தான் அது. நாங்க ஒண்ணும் உண்டாக்கலை. யாரும் உண்டாக்கலை.”

“வாத்தியார், உங்களைப் பார்த்து ஊர்ல முக்கால்வாசி வீடு பதிவு பண்ணியிருக்கு. நீங்க தப்புன்னா அத்தனை பேரும் தப்பு. அத்தனை பேர் எப்படித் தப்பா இருக்க முடியும்? எல்லாரும் ஓட்டுப் போடறவங்க.” கடிகாரம் அதிர்ந்து அவர் எழுந்து நின்றார். நின்றபடியே குரலைத் தாழ்த்தினார். “நீங்க துல்லியமான ஆள். ஒத்துக்கறேன். ஆனா துல்லியத்துக்கும் ஒரு இடம் பொருள் ஏவல் உண்டு.”

சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் அதிகாரம் தமக்குக் கிடையாது, கொடுக்கும் அதிகாரம் மட்டுமே உண்டு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மேயர் ஹராலாம்பி பெரிதாக யோசிக்கும் மனிதர். உற்பத்தியாளர்களின் எண்ணிக்கையைப் பார்த்ததும், தோல்னா விஷ்னாவைச் சுயசார்பு ஊராக அறிவித்துவிடுவது என்று தீர்மானித்தார். சதுக்கத்தில் மேடை போட்டார்கள். அந்திப் பொழுதில் வண்ண விளக்குகள் எரிய, பித்தளை வாத்தியக் கோஷ்டி முழங்க, ஊரே கூடிவிட்டது. ஸ்தாமெனை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் நெவெனா புத்தகத்தோடு வந்திருந்தாள்.

“அன்பார்ந்த பெருமக்களே,” என்றார் மேயர் ஒலிபெருக்கியில். “இன்று முதல் வெளியிலிருந்து நமக்குத் துளி மின்சாரமும் தேவையில்லை என்பதை விநியோகக் கம்பெனிக்கு எழுத்துமூலம் தெரிவித்துவிட்டோம் என்பதைப் பெருமிதத்துடன்...”

நாட்டில் வருகிற கடிதத்தைப் படித்துப் பார்த்து அதன்படி நடந்துகொள்ளும் நிறுவனம் ஏதேனும் இருந்தால், அது துரதிருஷ்டவசமாக அந்தக் கம்பெனிதான். ஒலிபெருக்கி அடங்கியது. வண்ண விளக்குகள் அணைந்தன. சதுக்கத்தைச் சுற்றியிருந்த ஜன்னல்களும் ஒவ்வொன்றாக இருண்டன.

மேயர் வாயை அசைத்துக்கொண்டே இருந்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கரண்ட் போய்விட்டது என்று முதலில் சொல்கிறவன் வீட்டில் சுற்றுச் சரியில்லை என்று ஆகிவிடுமே. பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். கடைசியில் தோத்யோ அண்ணன்தான் ஊர் மானத்தைக் காப்பாற்றினார்.

“கரண்ட் இருக்கு,” என்றார் நிதானமாக. “கொஞ்சம் சின்னதா இருக்கு.”

கூட்டம் மூச்சு விட்டது. ஆமாம், சின்னதாகத்தான் இருக்கிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டே, தடவித் தடவி வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஸ்தாமெனுக்கு ஓய்வில்லை. சின்ன மின்சாரத்தை அளக்கத் தெரிந்தவன் ஊரில் அவன் ஒருவன்தானே. வீடு வீடாக பிஸ்கட் டப்பாவோடு போனான். ரொட்டிக்கடையில் அடுப்பு பற்றவில்லை. “கரண்ட் எல்லாம் இருக்கு, அடுப்புதான் புரிஞ்சுக்க மாட்டேங்குது” என்றாள் ரொட்டிக்காரி. ஸ்தாமென் அளந்தான்.

“பூஜ்யம்.”

“உன் மெஷின் சின்னக் கரண்டைப் பிடிக்காது போல வாத்தியாரே.”

“சின்னக் கரண்டைப் பிடிக்கறதுக்குன்னே செஞ்சதும்மா இது.”

“அப்ப அதைவிடச் சின்னது.”

ஒரு வீட்டிலும் அவனைத் திட்டவில்லை. எல்லாரும் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். சூப் கொடுத்தார்கள், விறகடுப்பில் கொதித்ததால் அது வழக்கத்தைவிட நன்றாகவே இருந்தது. நெவெனா ஜன்னலோரம் உட்கார்ந்து பகல் வெளிச்சத்தில் மூன்று கொலைகளைப் படித்து முடித்தாள்.

மேயர் ஹராலாம்பி வேட்டைப் பிரியர். அவர் வீட்டு உறைபெட்டியில் ஒரு காட்டுப்பன்றி இருந்தது. அது தன் இருப்பைத் தெரு முழுவதற்கும் அறிவிக்கத் தொடங்கியதும், நகரசபை அவசரமாகக் கூடியது. ஊரின் சுயசார்பை விட்டுக்கொடுக்காமல் மின்சாரத்தைத் திரும்பப் பெறுவது எப்படி என்று விவாதித்தார்கள். கிராமத்திகோவ்தான் வழி கண்டுபிடித்தார். இனி வெளி மின்சாரம் ஊருக்குள் ‘விருந்தினர் மின்சாரம்’ என்ற பெயரில் வரும். விருந்தினரை வரவேற்பது பல்கேரியப் பண்பாடு; அதில் சுயசார்புக்கு எந்தக் குறைவும் இல்லை. கம்பெனிக்குப் பெயரைப் பற்றிக் கவலையில்லை. அதே கம்பியில், அதே மின்சாரம், அன்று மாலையே வந்துவிட்டது.

“பார்த்தியா,” என்றார் தோத்யோ அண்ணன், ஸ்தாமெனின் தோளைத் தட்டி. “பெரிசாயிடுச்சு.”

ஊர் எல்லையில் ‘சுயசார்பு ஊர்’ என்று பெரிய பலகை எழும்பியது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து தூதுக்குழுக்கள் வரத்தொடங்கின. ஸ்தாமெனைக் கௌரவச் சுற்றாலோசகராக நியமித்தார்கள். அவன் மறுத்தான். தலைமையாசிரியர் அவனுக்குத் திங்கட்கிழமை வகுப்புகள் எல்லாவற்றிலிருந்தும் விலக்கு அளித்தார். அவன் யோசிக்க நேரம் கேட்டான். ஒன்பதாம் வகுப்பையும் அவன் தலையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவன் ஒப்புக்கொண்டான்.

அப்படி வந்தவர்களில் ஒருவன்தான் கோர்னா க்ருஷா ஊர் நகரசபைப் பொறியாளன் ஸ்வெத்லின். தனியாக வந்தான். வந்து உட்கார்ந்ததும், நெவெனா சுட்டு வைத்த பனித்ஸாப் பலகாரத்தைக்கூடத் தொடாமல், ஸ்தாமெனின் பிஸ்கட் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உள்ளே பேட்டரியா?” என்றான்.

“பேட்டரிதான். மெயின்ல ஓட்டினா அம்பது ஹெர்ட்ஸ் இரைச்சல் புகுந்துடுது.”

“வெற்று அளவைக் கழிக்கறீங்களா?”

“ஒவ்வொரு தடவையும். சூடு ஏறினா அதுவும் நகருது.”

ஸ்வெத்லினின் கண் கலங்கியது. “நாலு வருஷமா எங்க ஊர்ல இதைப் பேச ஒரு ஆள் இல்லை சார்,” என்றான். ஸ்தாமெனுக்கும் அதே நிலைமைதான். இருவரும் இரைச்சலைப் பற்றியும், கம்பி முறுக்குவதைப் பற்றியும், எந்தக் கருவி எத்தனை மில்லியில் பொய் சொல்லும் என்பதைப் பற்றியும் சாயங்காலம் வரை பேசினார்கள். பனித்ஸா ஆறியது, பிறகு தீர்ந்தது. சோபாவில் நெவெனா அசையாமல் படித்துக்கொண்டிருந்தாள். விளக்கும் அணையாமல் எரிந்தது.

கடைசியில் ஸ்வெத்லின் குரலைத் தாழ்த்தினான். “சார், சுத்தினா கரண்ட் வராதுன்னு எனக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும்.”

“எங்க மேயர் தினமும் கேக்கறாரு. தோல்னா விஷ்னாவுக்கு இருக்கற மூளை நமக்கு இல்லையான்னு. உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். பொறாமைங்கறாங்க. நான் ஏதாவது ஒரு எண்ணோட ஊருக்குத் திரும்பணும் சார். எத்தனை சுத்து?”

ஸ்தாமென் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். இத்தனை நாளும் சொல்லிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பும் நினைவுக்கு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவனின் முகத்தைப் பார்த்தான்; தன் முகத்தையே பார்ப்பது போலிருந்தது.

“சான்றிதழ்ப்படி நாங்க பத்து,” என்றான் மெதுவாக. “நீங்க அதுக்கு மேல போகணும். பன்னிரண்டு.”

ஸ்வெத்லின் பேனாவை எடுத்தான்.

“இருங்க. பன்னிரண்டுன்னு முழுசாப் போட்டா குத்துமதிப்பாச் சொன்ன மாதிரி இருக்கும். பதினொண்ணே முக்கால்னு போடுங்க. நம்புவாங்க.”

ஸ்வெத்லின் மரியாதையோடு எழுதிக்கொண்டான். எழுதி முடித்ததும், தொழில் தெரிந்தவன் எந்த எண்ணைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டான்.

“இதுல பிழை எவ்வளவு இருக்கும் சார்?”

“பிழையே கிடையாது,” என்றான் ஸ்தாமென். “அளந்தாத்தானே பிழை வரும்.”